குனிகிற இடம்

அந்தக் கடைவீதியில் சுமை தூக்குகிற ஆளை அடையாளம் காண அவன் தலையில் மூட்டை இருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு சாமான் வாங்க வந்தாலும் தெரிந்துவிடும். வீதியின் இரண்டு பக்கமும் தூணும் வளைவுமாக ஒரு நடைக்கூடம் ஓடுகிறது. அதன் நிழலில்தான் கடைகளின் வாசல்கள். ஊர் சனமெல்லாம் வளைவுக்குள் நிமிர்ந்தபடி நுழையும். இவர்கள் மட்டும் வளைவுக்குக் கீழே ஒரு கணம் தலையைத் தாழ்த்தி, பிறகு நிமிர்வார்கள். மேலே இடிக்க ஒன்றும் கிடையாது. ஏணி வைத்தால்தான் வளைவின் உச்சியைத் தொட முடியும்.

கேட்டால் "பழக்கம்" என்பார்கள்.

இவர்களுக்குத் தலைவரான மேஸ்திரியும் குனிவார். அவர் குனிவதுதான் பெரிய வேடிக்கை. ஆள் குட்டை. தூணில் பாதிகூட வரமாட்டார். வளைவுக்கும் அவர் தலைக்கும் நடுவே இன்னொரு மேஸ்திரியை நிற்க வைக்கலாம். ஆனாலும் அவர் மாமனாரிடம் வேலை பழகியவர். மாமனார் நெட்டை. மாமனார் குனிந்தார், இவரும் குனிந்தார்.

சும்மா போகும்போது குனிந்து போகலாம். தலையில் சுமை இருந்தால் நடைக்கூடத்துக்குள் கால் வைக்கவே கூடாது. அது மேஸ்திரி போட்ட சட்டம். லாரிகள் வீதிமுனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து துணிப்பொதியோ பாத்திரக் கட்டோ எதுவானாலும் தலையில் ஏற்றி, தார் ரோட்டின் ஓரமாகவே நடந்து, குறுக்குச் சந்தில் திரும்பி, கடைகளின் பின்வாசலில் போய் இறக்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் அப்படித்தான். மறந்துபோய் நிழலில் ஒதுங்கியவன் அன்றைக்கு அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். கூட்டத்தில் ஓயாமல் பேசுகிற ஒருவனுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். அவன் வாங்கிக் கொடுத்த டீயை ஊற்றி வைத்திருந்தால் ஒரு குளம் நிறைந்திருக்கும்.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. மேஸ்திரி அதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லும்போது குட்டை ஆள் வளர்ந்துவிடுவார்.

"வெள்ளைக்காரன் கடை வச்சிருந்த காலம். தொப்பி, சேணம், கண்ணாடி விளக்குன்னு எல்லாம் கப்பல்ல வரும். துறைமுகத்துலருந்து இந்த வீதிவரைக்கும் நம்ம ஆளுங்க தலைதான் வண்டி. ஒருநாள் பியானோப் பெட்டி வருது. எட்டு பேரு தூக்கிட்டு வர்றாங்க. நடு வழியில சடசடன்னு மழை. கடைத்துரை ஓடி வந்து, 'உள்ள வாங்க, உள்ள வாங்க, பெட்டி நனையுது'ன்னு கத்துறான். எங்க மாமனாரோட அப்பாதான் முன்னாடி தூக்குனவரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'தூக்குறது உன் சாமான். நடக்குறது என் காலு. உன் வாசல்ல குனிஞ்சு நுழைய மாட்டேன்'னு சொல்லிட்டு மழையிலயே நடந்தாரு. பியானோ ஊறிப்போச்சு. துரை மூஞ்சி அதைவிட ஊறிப்போச்சு."

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நாளெல்லாம் அடுத்தவன் சரக்கைச் சுமக்கிறவனுக்கு, எந்தப் பக்கம் நடப்பது என்பதாவது தன் முடிவு என்று நினைக்கையில் கழுத்து வலி கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

அந்தச் சட்டம்தான் மேஸ்திரியின் மச்சானைப் படுக்கையில் போட்டது.

மச்சான் மனைவியின் தம்பி. கல்யாணம் ஆகாதவன். அக்கா வீட்டில்தான் சாப்பாடு. மழை விட்ட ஒரு காலையில் துணிப்பொதியோடு ரோட்டோரம் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த வேன் தேங்கிய தண்ணீரைத் தவிர்க்க ஒடித்துத் திரும்பி அவன் இடுப்பில் மோதியது. தொடை எலும்பு இரண்டாகிப்போனது. உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். போலீஸ்காரர் கேட்டார், டாக்டர் கேட்டார், வேன்காரனும் கேட்டான்: "பக்கத்துல அவ்வளவு பெரிய நடைபாதை காலியா கெடக்குது. இவன் எதுக்குய்யா ரோட்டுல போனான்?"

கேட்காதவர்கள் சுமைக்காரர்கள் மட்டும்தான். வீட்டில் மேஸ்திரியின் மனைவி கேட்டாள்.

"இன்னொருத்தன் விழறதுக்குள்ள ஆளுங்கள உள்ள நடக்க விடுங்க."

"அது முடியாது. இருக்குறது அந்த ஒரு மானம்தான்."

"மானத்துக்குக் கட்டு போட்டுப் படுக்க வச்சிருக்கேன், போய்ப் பாருங்க" என்று அவள் கட்டிலைக் காட்டினாள். கட்டிலில் கிடந்த மச்சான் சிரித்தான். "விடுக்கா. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க தாத்தா மழையில நடந்தாரு, நான் வேன்ல விழுந்தேன். ஒரே பரம்பரை." சிரிப்பு பாதியில் வலியாக மாறியது. மேஸ்திரி வெளியே போய்விட்டார்.

இதற்கிடையில் வீதிக்கு வயதாகிவிட்டது என்று நகராட்சி கண்டுபிடித்தது. வயதானால் ஆளைத் திண்டாட விடுவார்கள், தெருவாக இருந்தால் அலங்காரம் பண்ணுவார்கள். கடைகளின் முகப்பை மறைத்திருந்த தகரப் பலகைகளை இறக்கினார்கள். தூண்களில் பிற்காலத்தில் பூசிய சிமெண்டைச் சுரண்டினார்கள். வெள்ளைக்காரன் கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவரப் போகிறார்களாம். மூலைக்கு மூலை பழைய படங்களைப் பெரிதாக்கி மாட்டினார்கள். படங்களில் குடை பிடித்த சீமாட்டிகள் இருந்தார்கள், குதிரை வண்டிகள் இருந்தன, குதிரைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அத்தனை கல்லையும் கண்ணாடியையும் சுமந்து வந்த தலை ஒன்றுகூட எந்தப் படத்திலும் இல்லை.

சிமெண்டைச் சுரண்டியதும் ஒவ்வொரு தூணிலும் ஓர் ஓட்டை தெரிந்தது. உள்ளே அறுபட்ட இரும்புத் துண்டு. எதிர்த் தூணில் அதே உயரத்தில் இன்னொன்று. ஆக, வளைவுக்கு வளைவு குறுக்கே ஒரு கம்பி இருந்திருக்கிறது.

வியாபாரிகள் சங்கச் செயலாளர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். வீதியிலேயே பெரிய ஜவுளிக்கடை அவருடையது. தாத்தா காலத்தில் வெள்ளைக்காரனிடமிருந்து கைமாறிய கடை.

"மேஸ்திரி, இந்த ஓட்டையில பழையபடி கம்பி போட்டு, ரெண்டு ஓரத்துலயும் பூந்தொட்டி தொங்க விடலாம்னு இருக்கோம். பார்க்க லட்சணமா இருக்கும். உங்க ஆளுங்களுக்கு இடைஞ்சல் உண்டா?"

"எங்களுக்கா?" மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஆளு சுமையோட அந்த நிழல்ல கால் வச்சான்னு ஒருத்தன் சொல்லட்டும் மொதலாளி, நான் மீசைய எடுத்துடறேன்."

"அது ஊருக்கே தெரியும். இந்த நகராட்சி இன்ஜினியரம்மாதான் சுமைக்காரங்கள ஒரு வார்த்தை கேக்காம கம்பி ஏத்த முடியாதுன்னு ஒத்தக் கால்ல நிக்குது. நீ சரின்னா வேலை நடக்கும்."

"தாராளமா ஏத்துங்க" என்றார் மேஸ்திரி. தன்னைக் கேட்டுத்தான் இந்த வீதியில் ஒரு காரியம் நடக்கிறது என்பதில் நெஞ்சு கொஞ்சம் விரிந்திருந்தது. வளைவைத் தாண்டும்போது வழக்கம்போலக் குனிந்துவிட்டுத்தான் வந்தார்.

தலைக்கவசத்தோடு சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் பெண் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கி நேராக அவரிடம் வந்தாள்.

"மேஸ்திரிண்ணே, ஏன் சரின்னீங்க?"

"பூந்தொட்டி வச்சா எனக்கென்னம்மா?"

"பூந்தொட்டி மாட்டுன கம்பி இல்லண்ணே அது. விளக்கு மாட்டுனதும் இல்ல. அதுக்கெல்லாம் இன்னும் மேல மாட்டியிருப்பாங்க. இது வெறும் ஆள் போற உயரம். சீமாட்டிங்க நடக்குற இடத்துல தலைச்சுமை நுழையக்கூடாதுன்னு போட்ட தடுப்பு. வேற ஊர்ப் பழைய கடைத்தெருவுலயும் இப்படிப் பார்த்திருக்கேன்."

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. "இந்தாம்மா, உனக்கு விஷயம் தெரியாது. எங்கள யாரும் தடுக்கல. நாங்கதான் வரமாட்டோம்னு சொன்னது. வேணும்னா எங்க ஆளுங்கள கேட்டுப்பாரு."

"கேட்டேன். பியானோ கதை சொன்னாங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நல்ல கதைண்ணே. ஆனா கம்பி இருக்கே."

"படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு ஓட்டை தெரியும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி விறுவிறுவென்று நடந்தார்.

ஆனால் அந்தப் பேச்சு செருப்பில் ஏறிய முள்ளைப் போல நடக்க நடக்கக் குத்தியது. மத்தியானம் ஆட்களெல்லாம் டீக்கடையில் இருந்தபோது அவர் மட்டும் சும்மாட்டைத் தலையில் வைத்து, ஒரு துணிப்பொதியை ஏற்றிக்கொண்டு, யாரும் பார்க்காத கடைசித் தூணிடம் போனார். உள்ளே நுழையவில்லை. தூணை ஒட்டி ரோட்டிலேயே நின்றார். ஒரு கையால் பொதியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூணைத் தடவினார். விரல் ஓட்டைக்குள் போனது. இரும்புத் துண்டு சில்லென்று தட்டுப்பட்டது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். ஓட்டைக்கு நேராகப் பொதியின் நடுவயிறு இருந்தது.

பொதியை இறக்கிவிட்டு மறுபடி நின்று பார்த்தார். தலைக்கு மேல் தாராளமாக இடம் இருந்தது. வெறும் தலையோடு எவன் வேண்டுமானாலும் போகலாம். மாமனார் மாதிரி நெட்டையாக இருந்தால் கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான். தலையில் சுமை இருந்தால் எவனும் போக முடியாது, இவ்வளவு குட்டையான தானும்கூட. குட்டையனைக்கூட மறக்காமல் அளவெடுத்திருந்தார்கள்.

இரும்பு உடைந்துபோகவில்லை, அறுத்திருந்தார்கள். ஓட்டையை அடைத்திருந்தது வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட். அப்படியென்றால் கடை கைமாறிய பிறகும் கம்பி கொஞ்ச காலம் இருந்திருக்கிறது. மாமனாருக்கு அப்போது இளவட்ட வயது. கம்பிக்குக் கீழே குனிந்து குனிந்து போனவர் அவர்தான். அவருடைய குனிவைத்தான் இவர் இத்தனை வருஷமாகக் குனிந்துகொண்டிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைகால்கூடக் கழுவாமல் நடந்ததைச் சொன்னார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் திடுக்கிடாதது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்கப்பா புளுகியிருக்காருன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு நறுக்கிட்டு இருக்கே?"

"எங்கப்பாவை எனக்குத் தெரியாதா? கடைக்காரன் அழுகுன தக்காளிய நிறுத்துக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிட்டு வந்துருவாரு. 'மாத்திக் கொடு'ன்னு கேக்க வாய் வராது. அவங்கப்பா அவருக்கும் மேல. அப்படிப்பட்ட குடும்பத்துல ஒருத்தரு துரையப் பார்த்து முடியாதுன்னு சொன்னாராம்! நீங்க கதை சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சே சும்மா இருந்தியா?"

"எப்படிக் கெடுக்கறது? அதச் சொல்லும்போது மட்டும்தான் உங்க மூஞ்சி நல்லா இருக்கும்."

மேஸ்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான்தான் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. உன்னை எனக்குத் தர்றதா பேச்சு நடந்துட்டிருக்கு. 'சுமையோட ஏன் உள்ள போறதில்ல'ன்னு கேட்டேன். மனுஷன் பீடிய ரெண்டு இழுப்பு இழுத்தாரு. அப்புறம்தான் பியானோ வந்துச்சு."

கத்தி நின்றது. "பின்ன? கட்டிக்கப்போற மாப்பிள்ளை கிட்ட, எங்கள நாயத் தடுக்குற மாதிரிக் கம்பி போட்டுத் தடுத்தாங்கன்னு எப்படிச் சொல்லுவாரு?"

"அதுக்கு முன்னாடி அந்தக் கதைய யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். டீ வாங்கணும்னு சட்டம் போட்டதும் நான்தான்."

கட்டிலில் படுத்திருந்த மச்சான் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப நான் எதுக்கு மாமா அடிபட்டேன்?"

கேள்வியில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மேஸ்திரி பதிலுக்குக் கத்தியிருப்பார். மானத்துக்காக அடிபட்டான் என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தார். இப்போது பார்த்தால், அறுத்து எடுத்த ஒரு கம்பிக்குப் பயந்து ரோட்டில் நடந்தவன் மேல் வேன் மோதியிருக்கிறது.

"கம்பிய வேற திரும்பப் போடச் சொல்லிட்டு வந்துட்டேன் மாப்ளே" என்றார் அவர்.

காலையில் லாரி வந்து வீதிமுனையில் நின்றது. கறுப்பு வர்ணம் பூசிய புதுக் கம்பிகள், கட்டுக் கட்டாக. ஆட்கள் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு லாரியில் ஏறப் போனார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றார் மேஸ்திரி. சுற்றி வளைக்காமல் உடைத்தார். "பியானோ கதை பொய். எங்க மாமனாரு எனக்குச் சொன்ன பொய்ய நான் உங்களுக்குச் சொன்னேன். நம்மள யாரும் உள்ள வான்னு கூப்பிடல. வராதேன்னு கம்பி போட்டாங்க. மொதலாளியோட தாத்தா காலத்துலதான் அத அறுத்தாங்க. அந்தக் கம்பிதான் இது."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயில்லாப்பூச்சிதான் முதலில் வாய் திறந்தான். "பொய்யா? அப்ப நான் வாங்கிக் கொடுத்த டீ?"

"திருப்பி வாங்கித் தர்றேன்டா."

"ஆயுசு பத்தாது மேஸ்திரி உங்களுக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். வயதான ஒருவர் சிரிக்கவில்லை. "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நல்லாத்தானே இருந்துச்சு" என்று முனகிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். மேஸ்திரி அவரிடம் வாதாடவில்லை. பக்கத்து லாரியிலிருந்து இறங்கியிருந்த ஜவுளிப்பொதி ஒன்றைக் கைகாட்டினார். "தூக்கி விடுங்க."

சுமை ஏறியது. நடைக்கூடத்தின் முதல் வளைவுக்கு நடந்தார். அங்கே கால் நின்றுவிட்டது. உள்ளே வெறும் நிழல்தான். ஒரு கடைப்பெண் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியவில்லை. சுமை எதிலோ போய் முட்டப்போகிறது என்று முதுகெலும்பு முழுக்க இறுகிக்கொண்டது. பின்னால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'முட்டட்டும்' என்று நினைத்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

எதுவும் முட்டவில்லை.

ஜவுளிக்கடை வாட்ச்மேன் ஓடிவந்தான். "மேஸ்திரி, என்ன இது? சுமையோட வர்றீங்க? கஸ்டமர் வர்ற நேரம்."

"நானும் வர்ற நேரம்தான். ஒதுங்கு, கழுத்து நோவுது."

சத்தம் கேட்டுச் செயலாளரே வெளியே வந்தார். "மேஸ்திரி! நீயே தாராளமா போடுன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். தப்பு. இப்ப வேண்டாம்ங்கறேன். கம்பிய எங்க ஆளுங்க இறக்க மாட்டாங்க."

"ஊர்ல வேற ஆளே இல்லையா? கூப்பிட்டா வந்து இறக்கிட்டுப் போறான்."

"இறக்கட்டும் மொதலாளி. கம்பிய மாட்ட ஏணி வச்சுத்தானே ஆகணும்? அந்த ஏணிக்குக் கீழ நாங்க சுமையோட போய்க்கிட்டே இருப்போம். மேல நிக்கறவன் பார்த்து நிக்கட்டும்."

பொதியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் இத்தனையும் பேசினார். செயலாளர் இன்ஜினியர் பெண்ணைப் பார்த்தார். "அவங்க சரின்னதாலதான் நான் ஒத்துக்கிட்டேன். இப்ப மாட்டேங்கறாங்க. என்னால ஏத்த முடியாது சார்" என்றாள் அவள். "உங்க தாத்தா அறுத்து எறிஞ்சத நீங்க ஏன் சார் திரும்ப மாட்டணும்?" என்று வாயில்லாப்பூச்சி பின்னாலிருந்து குரல் கொடுத்தான். திரும்பிப் பார்த்தால் அவன் தலையிலும் ஒரு பொதி. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். நடைக்கூடத்தின் நிழலில் பொதிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. குறுக்கே வந்த ஒரு குடும்பம் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டது. யாரும் செத்துப்போய்விடவில்லை.

கம்பிகள் லாரியிலேயே சாயங்காலம்வரை கிடந்து, பிறகு செயலாளரின் குடோனுக்குப் போயின. அவர் இன்னும் விட்டுவிடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறாராம். வயதான அந்த ஆளும் விடவில்லை. இன்றைக்கும் ரோட்டில்தான் நடக்கிறார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. வேன் வருகிற பக்கம் தான் நடந்துகொண்டு, அவரைத் தூண் ஓரமாக விடுகிறார்.

மச்சான் கட்டிலை விட்டு எழுந்து, இரண்டு அக்குளிலும் கட்டை ஊன்றி நடக்கத் தொடங்கியதும், வீதியைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தான். மேஸ்திரி கூட்டி வந்தார். வேலை முடிந்த நேரம், இரண்டு பேர் தலையிலும் சுமை இல்லை. முதல் வளைவு வந்தது. மேஸ்திரி குனிந்து உள்ளே போனார். திரும்பிப் பார்த்தால் மச்சான் வளைவுக்குக் கீழே அப்படியே நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா மாப்ளே?"

"குனியத்தான் பார்த்தேன் மாமா. கட்டை விடமாட்டேங்குது. குனிஞ்சா விழுந்துருவேன்."

மேஸ்திரிக்கு அப்போதுதான் தான் குனிந்ததே உறைத்தது. வெளியே வந்தார். மச்சானின் பக்கத்தில் நின்று, அவன் கட்டை ஊன்றும்வரை பொறுத்திருந்து, அவனோடு சேர்ந்து இன்னொரு தடவை நுழைந்தார். இந்தத் தடவை கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.